உற்சவரின் முதுகு

வீதியுலா போகும் உலோகத் திருமேனியான உற்சவமூர்த்தியின் முதுகைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அலங்காரம் முடிந்து திரை விலகும்போது பட்டும் மாலையும் கவசமும் திருவாசியும் சேர்ந்து பெரும்பகுதியை மறைத்துவிடும். முகமும் அபயக் கரமும் பாதமும் மட்டுமே நம் கண்ணுக்குக் கிடைக்கும். வீதியுலா வரும்போதும் பின்புறம் முழுவதும் பூதான்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் புதிதாகப் பிரதோஷ நாயகர், அதாவது பிரதோஷத்தன்று புறப்பாடு காணும் சிவனின் உற்சவர், செய்ய ஊரார் முடிவு செய்து, சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துவர அவ்வப்போது என்னை அனுப்பினார்கள். ஒருநாள் நான் போனபோது திருமேனி குப்புறக் கிடந்தது. பெரியவர் சிறு உளியால் சுவாமியின் முதுகில் வேலை செய்துகொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதிலிருந்து தொங்கும் குஞ்சம், தோளில் விரிந்து இறங்கும் சடைக்கற்றைகள், இடத்தோளில் தொடங்கி இடுப்பைச் சுற்றிவரும் பூணூல், இடையாடையின் முடிச்சு, முடிச்சிலிருந்து விழும் மடிப்புகள். முகத்துக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு துளியும் குறையவில்லை.

“ஐயா, இது யார் கண்ணிலும் படப்போவதில்லையே” என்றேன்.

அவர் உளியை நிறுத்தவில்லை. “கண்ணில் படாதுதான் தம்பி. தைலக்காப்பு சாத்தும்போது குருக்கள் கை இங்கேயும் வருமல்லவா?” என்றார்.

தெய்வத் திருமேனிகளைப் பற்றி நான் படித்திருந்த பலவற்றை அந்த ஒரு பதில் வேறு வரிசையில் அடுக்கிவிட்டது. உடுக்கை என்றால் இது, நெருப்பு என்றால் அது, தாமரை என்றால் தூய்மை என்று கைக்கொரு பொருள் சொல்லும் பட்டியல்கள் விற்பனைக் கூடங்களிலும் இணையத்திலும் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை பிழையில்லை. ஆனால் அவை திருமேனியை வாசிக்க வேண்டிய ஒன்றாக மட்டும் காட்டுகின்றன. குளிப்பாட்டவும் உடுத்தவும் ஊட்டவும் தூக்கிச் செல்லவும் வேண்டிய ஓர் உடலாகவே ஸ்தபதி அதைச் செய்கிறார். அதன் ஆன்மிகப் பொருளை முதலில் தேட வேண்டிய இடம் அந்தப் பராமரிப்பு என்று நான் நம்புகிறேன்.

கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிறது சுவாமிமலை. தந்தைக்குப் பிரணவப் பொருளை உபதேசித்த முருகனின் படைவீடு. மலைக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் அரத்தின் ஓசையும் உளியின் ஓசையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே இந்தத் தொழில் நிலைத்ததற்குக் காவிரி கொண்டுவரும் வண்டல் மண்ணும் ஒரு காரணம். உருவத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இவர்கள் முறை. மெழுகின் மேல் பூசினால் ஒரு விரல்நகத்தின் கோட்டைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும் நைசு அந்த மண்ணுக்கு உண்டு. இவ்வூர் வார்ப்புச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எந்தத் திருமேனியும் ஓலையில்தான் தொடங்குகிறது. செய்யப்போகும் மூர்த்தியின் உயரத்துக்குத் தென்னோலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பாகங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். தாளம் என்பது அடிப்படை அளவு. ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம், பத்துத் தாளத்துக்கு மேல் நாலு அங்குலம் கூட்டி 124 பாகம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பாகம். விநாயகருக்குப் பஞ்சதாளம். முகம் இத்தனை பாகம், கழுத்து இத்தனை, மார்பிலிருந்து நாபி வரை இத்தனை என்று எல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல. அந்தந்தத் திருமேனியின் உயரத்தைப் பகுத்து எடுப்பது. அதனால் ஒரு சாண் உருவமும் ஆறடி உருவமும் ஒரே இலக்கணத்துக்குள் நிற்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இந்த அளவுப் பிரியத்தைக் காணலாம். முதலாம் ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசும்போது, கோயில் முழத்தால் அளந்து பாதாதிகேசம் (அடிமுதல் முடிவரை) இத்தனை விரல், ஸ்ரீஹஸ்தம் நாலு, பீடம் இத்தனை விரல் என்று அவை பொறுமையாகச் சொல்லிச் செல்கின்றன. சிற்பியின் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். கொடுத்தவர் பெயரும் அளவும் நகைகளும் இருக்கின்றன.

இத்தனை கட்டுப்பாட்டுக்குள் கலைஞனுக்கு என்ன சுதந்திரம் மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பிரதோஷ நாயகரின் மானைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

தியான சுலோகம் சொல்வது எளிது: நான்கு கரம், பின்வலக்கையில் மழு, பின்னிடக்கையில் மான், முன்வலக்கை அபயம், முன்னிடக்கை உமையை அணைத்தபடி. இதை மெழுகில் செய்யும்போதுதான் சுதந்திரம் தெரிகிறது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலெண்ணெய் விட்டு உருக்கி வடிகட்டிய மெழுகு அது. கரும்பழுப்பாக, வெயிலில் இளகி, தண்ணீரில் போட்டால் இறுகிவிடும். மானைத் தனியே செய்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நுனியால் கையோடு ஒட்டினார் பெரியவரின் மகன். நிமிர்ந்த இரண்டு விரல்களின் நுனியில் மான் நிற்கிறது. பின்கால்கள் மட்டுமே விரலைத் தொடுகின்றன. முன்கால்கள் காற்றில். கழுத்தைத் திருப்பிச் சுவாமியின் முகத்தைப் பார்க்கிறது. தாருகாவனத்து முனிவர்கள் ஆணவத்தால் வேள்வி வளர்த்து, சிவனை அழிக்க ஏவியவற்றில் மானும் ஒன்று என்பது புராணம். கொல்ல வந்தது இரண்டு விரல் நுனியில் இப்படி லேசாக நிற்கிறது.

“ஏன் திரும்பிப் பார்க்கிறது?” என்று கேட்டேன்.

“வந்த இடத்தில் பயம் போய்விட்டது. அதனால் பார்க்கிறது” என்றார் மகன்.

இந்தப் பதில் எந்தச் சிற்ப நூலிலிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. அவர் மெழுகில் சொல்லியிருந்ததைத்தான் வாயாலும் சொன்னார்.

மெழுகு உருவம் முடிந்ததும் மண் பூச்சு. முதல் பூச்சு வண்டலும், நெல் உமியைச் சுட்டு அரைத்த கரியும் சேர்ந்த மிக நைசான கலவை. அதன் மேல் வயல்மண், பிறகு மணல் கலந்த முரட்டு மண். பெரிய உருவமாக இருந்தால் இரும்புக் கம்பி கட்டிப் பலப்படுத்துவார்கள். நிழலில்தான் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்த பின் வறட்டி அடுக்கிச் சூடேற்றினால், விட்டுவைத்த துளை வழியாக மெழுகு உருகி வெளியேறும்.

அந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெழுகு போய்விட்டது, உலோகம் இன்னும் வரவில்லை. வெளியே பார்த்தால் வெந்த மண் கட்டி. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு நான்கு கரங்கள் உண்டு, சடை உண்டு, பக்கத்தில் உமை உண்டு, திரும்பிப் பார்க்கும் மான் உண்டு. சிதம்பரத்தில் திரையை விலக்கித் தங்க வில்வ மாலை தொங்கும் வெளியைக் காட்டி இதுதான் இறைவன் என்கிறார்கள். சிறு வயதிலிருந்து கண்ட அந்த ரகசியம், பட்டறையின் மண்குழியருகே நின்றபோதுதான் எனக்கு உடலோடு புரிந்தது. உருவம், அருவம் என்று நாம் இரண்டு கட்சியாகப் பிரித்து வாதிடுகிறோம். ஒன்றுக்குள்ளிருந்துதான் மற்றொன்றை ஊற்றி எடுக்கிறார்கள் இவர்கள்.

மெழுகின் எடையை வைத்தே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்கிட்டு, மூசை என்னும் உருக்குகலத்தில் உருக்குகிறார்கள். ஐம்பொன் என்று சொன்னாலும் பெரும்பங்கு செம்புதான். பித்தளையும் ஈயமும் சேரும். பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிய அளவே. அந்தச் சிறிய அளவில்தான் ஊர் கலந்துகொள்கிறது. வார்ப்பு நாளன்று எங்கள் ஊரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். ஒரு பாட்டி தன் மூக்குத்தியைக் கழற்றி மூசைக்குள் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பொன்னைத் தனியே பிரித்து எடுக்க யாராலும் முடியாது. அவர் முகத்தில் எந்தக் கணக்கும் இல்லை.

அச்சைக் குழியில் நிறுத்தி, உலோகத்தை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். எங்கேனும் காற்று அடைபட்டுக் கை நிரம்பாமல் போனால் உருக்கிவிட்டு மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு ஆறவிட்டு மண்ணை உடைக்கிறார்கள். அச்சு அதோடு சரி. அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. அச்சடித்துக் குவியும் பொம்மைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை என்பதை அங்கே நின்று பார்த்தவர் ஒப்புக்கொள்வார். மண்ணுக்குள்ளிருந்து வருவது கறுத்து, சொரசொரப்பாக, மெழுகு ஓடிய குழாய்களெல்லாம் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டு இருக்கும். அவற்றை வெட்டி, அரம் போட்டு, உளியால் நுணுக்கங்களைத் திறந்து எடுப்பதற்குத்தான் அதிக காலம் பிடிக்கிறது. வடநாட்டில் பல இடங்களில் உள்ளீடற்ற வார்ப்பு வழக்கம். நம் பக்கம் உள்ளே முழுவதும் உலோகம் நிரம்பிய கன வார்ப்பு. அதனால்தான் ஒன்றரை அடித் திருமேனியைத் தூக்கவே ஆள் வேண்டியிருக்கிறது.

எல்லாம் முடிந்தும் கண் மட்டும் திறக்காமல் இருக்கும். நல்ல நாள் பார்த்து, பூஜை செய்து, தங்க ஊசியால் ஸ்தபதி விழியின் கோட்டை வரைவார். திறந்த கண் முதலில் காணும்படி கண்ணாடி, கன்றோடு பசு, தானியக் குவியல், கன்னிப் பெண்கள் என்று மங்கலமானவற்றைக் காட்டுவார்கள். பிறகு திருமேனியைத் தண்ணீரில் அமர்த்துவது, தானியத்தில் அமர்த்துவது, சயனத்தில் வைப்பது, யாகசாலை, கும்பநீர் என்று ஆகமம் தொடரும். அதற்குள் ஸ்தபதிக்கு வேட்டி துண்டு, தட்சிணை கொடுத்து மரியாதையோடு அனுப்பிவைக்கிறார்கள். மாதக்கணக்கில் மடியில் போட்டுச் செதுக்கியவர், பிரதிஷ்டைக்குப் பின் நம்மைப் போல வெளியே நின்று கும்பிடுவார். இதைக் கொடுமை என்று நினைத்து அவரிடம் கேட்டேன். “பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு நாமே விருந்தாளிதானே” என்றார். வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

கைக்கொரு பொருள் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. நடராஜர் வடிவத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் விளக்கம் அசைக்க முடியாதது: உடுக்கையில் படைத்தல், அபயக் கரத்தில் காத்தல், தீயில் அழித்தல், முயலகன்மேல் ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல். ஐந்தொழிலையும் ஒரே அசைவில் நிறுத்திய அந்தச் சிந்தனைக்கு ஈடில்லை. ஆனால் இந்த விளக்கம் ஒன்றும் தெரியாமல், ஆருத்ரா தரிசனத்தன்று களியும் கூட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணீர் விடுகிறவருக்கு அந்தத் தூக்கிய பாதம் எதையும் குறைத்துக் கொடுப்பதில்லை. “தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே” என்றார் பொய்கையாழ்வார். தன்னவர்கள் விரும்பிய உருவத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறான் என்றால், அந்த உருவத்தின் பசிக்கும் குளியலுக்கும் உறக்கத்துக்கும் நாம் பொறுப்பாகிவிடுகிறோம். திருமஞ்சனம், நைவேத்தியம், பள்ளியறை எல்லாம் அந்தப் பொறுப்பிலிருந்து கிளைத்தவை.

உற்சவரின் பீடத்தைக் கவனித்துப் பாருங்கள். துளைகளோ வளையங்களோ இருக்கும். கோல் செருகி, கயிறு கட்டி, வாகனத்தில் ஏற்றுவதற்காக. கருவறையில் கல்லாக இருக்கும் மூலவர் அசைய மாட்டார். படுக்கையில் கிடப்பவர், கோயிலுக்கு நடந்துவர முடியாதவர் இவர்களின் வாசலுக்குப் போகவேண்டியவர் உற்சவர். உலோகத்தில் செய்ததன் காரணமே இந்தப் புறப்பாடுதான். அப்படியிருந்தும் எல்லா வாசலுக்கும் அவர் போய்விடவில்லை. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஒடுக்கப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை எத்தனையோ பேருக்கு உள்ளேயும் இடமில்லை, உற்சவர் வரும் தெருவிலும் இடமில்லை. இன்றும் தேர் திரும்பாத தெருக்கள் உண்டு. பீடத்தில் துளை போட்ட ஸ்தபதி, போகக்கூடாத தெரு என்று ஒன்றைக் குறித்துக் கொடுக்கவில்லை. அதைக் குறித்தவர்கள் நாம். திருமேனியின் தத்துவம் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

பழைய உற்சவர்களின் முகம் மழுங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மூக்கின் கூர்மை போய், உதட்டின் கோடு மங்கி, கன்னம் வழவழவென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் விபூதியும் சந்தனமும் தேய்த்த கைகள் செய்த வேலை அது. கலைச் சந்தையில் இது தேய்மானம், விலை குறையும். எனக்கு அந்த முகங்கள்தான் அதிகம் பிடிக்கும்.

தேயாமல் கூர்மையாக நமக்குக் கிடைத்தவை பல, மண்ணுக்குள் இருந்தவை. படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளைக் குழி வெட்டி மணல் பரப்பிப் புதைத்துவைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வராமல் போனபோது அவை அங்கேயே உறங்கின. 1987-இல் விழுப்புரம் பக்கத்து எசாலம் கோயில் திருப்பணியின்போது முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகளோடு திருமேனிகளும் வெளிவந்தன. திருவெண்காட்டில் 1950-களின் தொடக்கத்தில் கிடைத்த ரிஷபவாகன தேவர் இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். அவரை எழுந்தருளுவித்தது 1011-இல் என்றும், உமை அடுத்த ஆண்டு வந்தாள் என்றும் கோயில் கல்வெட்டுகளால் தெரிகிறது. ரிஷபம் கிடைக்கவில்லை. ஆனால் அதன் மேல் சாய்ந்திருந்த வலக்கை அப்படியே இருக்கிறது. முழங்கை மடிந்து, மணிக்கட்டு தளர்ந்து, உடலின் பாரத்தை நம்பிக்கையோடு ஒப்படைத்த கை. எதிரே நின்றால் அங்கே காளை இருப்பதாகவே தோன்றும். இதைப் பார்ப்பதற்காகவே தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுக்கலாம்.

அந்தக் கலைக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அருங்காட்சியகத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு படித்த நண்பர் கேட்டார். அங்கே கும்பிடுகிறவர்தான் அந்த உருவம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்கிறார் என்பேன்.

சட்டமும் ஒருமுறை இதை ஒப்புக்கொண்டது. 1976-இல் பத்தூர் என்ற சிற்றூரில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில் பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே வாதிகளில் ஒருவர். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் சாட்சியாயின. 1991-இல் நடராஜர் திரும்பி வந்தார். இடிந்துபோன கோயிலின் லிங்கம் தன்னுடைய உற்சவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று ஊரில் இதைச் சொல்வார்கள். சிலை கடத்தல் பற்றிய செய்திகளில் டாலர் மதிப்பைத்தான் முதல் வரியில் போடுகிறார்கள். காணாமல் போன உற்சவருக்காக ஓர் ஊரில் எத்தனை பிரதோஷம் புறப்பாடு நின்றது என்று எழுதுவதில்லை.

எங்கள் ஊர் அந்தக் கணக்கை அறியும். பழைய பிரதோஷ நாயகர் திருட்டுக்குப் பயந்து பல ஆண்டுகளுக்கு முன்பே, பல கோயில் திருமேனிகளைச் சேர்த்துவைக்கும் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டார். கோயிலுக்குக் காவலாள் இல்லை, கதவு பலவீனம். போகச் சொன்னவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் இரும்புக் கதவுக்குப் பின்னால் எண் ஒட்டி வரிசையாக நிற்கும் திருமேனிகளை ஒருமுறை பார்க்க நேர்ந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. களவு போகவில்லை, உடையவில்லை, எல்லாம் பத்திரம். ஆனால் எண்ணெய் காணாத தோள்கள். திருவிழாவுக்குச் சில ஊர் மூர்த்திகளைக் காவலோடு அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதுகூட வாய்க்காத ஊர்கள் ஏராளம்.

அதனால்தான் எங்கள் ஊரார் புதியவரைச் செய்யும்போதே, ஸ்தபதிக்குக் கொடுக்கும் தொகைக்குச் சமமான பணத்தை உள்மண்டபத்துக்கு இரும்புக் கதவும் எச்சரிக்கை மணியும் கேமராவும் வைக்க ஒதுக்கினார்கள். பெரிய ஊர் இல்லை. அறுவடைப் பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது, சீட்டு எடுத்துக் கொடுத்தது என்று சேர்த்த பணம். கதவு வந்துவிட்டது. பழையவரைத் திருப்பி அனுப்பும்படி மனுவும் கொடுத்திருக்கிறோம். புதியவர் இருக்கும்போது பழையவர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். இருவருக்கும் சேர்த்தே தைலக்காப்பு சாத்த எண்ணெய் வாங்கித் தருவதாக மூக்குத்தி கொடுத்த பாட்டி குருக்களிடம் சொல்லிவிட்டார்.